மாப்ளைக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு

தர்மாஸ்பத்திரிக்குப் போகவா, பிரைவேட்டுக்குப் போகவான்னு என்கிட்ட வந்து கேக்க பாரு மாப்ளே, அங்கதான் நீ எங்க அக்கா மகன்னு தெரியுது. ஏன்னா இதுக்குள்ள ஊர்ல ஒரு ஆளு பாக்கி இல்லாமக் கேட்டிருப்ப. டீக்கடைல ஒருத்தன் மதுரைக்குப் போன்னிருப்பான். ஆபீஸ்ல ஒருத்தன் கோயம்புத்தூர்ல ஒரு டாக்டரு பேரச் சொல்லியிருப்பான். உன் மச்சினன் யூடியூப்ல ஒரு எண்ணெயக் காட்டியிருப்பான். உங்க அத்தை வேற, ரெட்டைப் பிள்ளை பெத்தவ யாராச்சும் காலால நீவி விட்டா சுளுக்கு எறங்கிரும்னு காலைல இருந்து தெருத்தெருவா ஆள் தேடுதா. எல்லாரும் சொன்னத வாங்கி முடிச்சுட்டு, சரி இந்தக் கிழவன் என்னதான் சொல்லுதான்னு பாப்பமேன்னு வந்திருக்க. சந்தோசம்.

மொதல்ல ஒன்னு. கேஸ் சிலிண்டரத் தூக்குனேன், டக்குன்னு பிடிச்சிட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுத. 14.2 கிலோ கேஸு, இரும்போட சேத்தா முப்பது கிலோ கிட்ட வரும், கனந்தான், இல்லங்கல. ஆனா அந்தச் சிலிண்டரு மாசத்துக்கு ஒரு தடவ வீட்டுக்கு வருது. நீ தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை நாற்காலில காலைல உக்காந்தா பொழுதடைய எந்திரிக்கியே, அது தெனமும் நடக்கு. ராத்திரி சோத்தத் தின்னுட்டு கட்டில்ல கோணிக்கிட்டு செல்லப் பாத்துக்கிட்டுக் கெடக்கியே, அதுவும் தெனமும் நடக்கு. பழிய மட்டும் சிலிண்டரு மேல போட்டாச்சு. பாவம், வாயில்லாச் சீவன்.

என் பேத்தி பிசியோதெரபி படிக்கால்ல, லீவுக்கு வந்தா படிச்சத என்கிட்ட ஒப்பிச்சிட்டுத்தான் போவா. எனக்குக் கண்ணு மங்கலு, காது நல்லாக் கேக்கும். 2020ஆம் வருசக் கணக்குப்படி உலகத்துல 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலியாம். நீ என்னமோ உனக்கு மட்டும் வந்தாப்புல மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க. இதுல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு, இன்னதுதான் காரணம்னு எந்த டாக்டராலயும் வெரல வச்சுக் காட்ட முடியாதாம். எலும்பு முறியல, நரம்பு நசுங்கல, கட்டி இல்ல. வலி நெசம், ஆனா உள்ள எதுவும் ஒடைஞ்சு போகல. புதுசா வந்த வலின்னா முக்காவாசிப் பேருக்கு நாலு வாரம், ஆறு வாரத்துல வந்த வழியே தணிஞ்சிரும். ஊசி போட்டவனுக்கும் தணியும், போடாதவனுக்கும் தணியும், ரெட்டைப் பிள்ளை பெத்தவ மிதிச்சவனுக்கும் தணியும். யாரு கைல இருக்கும்போது தணியுதோ அவருக்குக் கைராசிக்காரர்னு பேரு.

இப்ப உன் கேள்விக்கு வாரேன். தர்மாஸ்பத்திரில துட்டு வேண்டாம், பொழுது வேணும். பிரைவேட்ல பொழுது வேண்டாம், துட்டு வேணும். உன் வலிக்கு மருந்தே பொழுதுதான்னு சொல்லிட்டா, அத இலவசமாக் குடுக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு நீயே கண்டுபிடிச்சுக்கோ.

சிரிக்காத, நெசமாச் சொல்லுதேன். காலைல ஏழரைக்கு ஓபி சீட்டு வாங்குற வரிசைல நிப்ப. சீட்டு எழுதுற பொண்ணு பேரு, வயசு, ஊரு கேட்டுட்டு நிமிந்து பாக்காம ரூம் நம்பரச் சொல்லும். அந்த ரூமு கட்டடத்துக்கு அந்தக் கோடில இருக்கும். நடப்ப. அங்க பெஞ்சுல இடம் இருக்காது. நிப்ப. டாக்டரு எக்ஸ்ரேன்னு எழுதினா மறுபடி இந்தக் கோடிக்கு நடப்ப. அப்புறம் மருந்து குடுக்கிற சன்னல், அது வேற வாசல். உங்க மொதலாளியால பத்து வருசமா உன்ன நாற்காலில இருந்து எழுப்ப முடியல. அரசாங்கம் ஒரே காலைல எழுப்பி நாலு சுத்து நடக்க விட்டிருதா இல்லையா? பாதி வைத்தியம் அங்கயே முடிஞ்சு போகும்.

டாக்டரு ரெண்டு நிமிசந்தான் பாப்பாரு. பின்னால தொண்ணூறு பேரு நிக்கும்போது அவரு என்ன செய்வாரு? ஆனா அந்த ரெண்டு நிமிசத்துல என்ன செய்யுதாருன்னு கவனிச்சுப் பாரு. குனியச் சொல்லுவாரு. மல்லாக்கப் படுக்க வச்சு காலை நேரா நீட்டித் தூக்குவாரு. தூக்கத் தூக்க, முழங்காலத் தாண்டிக் கீழ வரைக்கும் சுள்ளுன்னு இழுத்தா நரம்புல கோளாறுன்னு கணக்கு. காலு பெருவெரலத் தூக்குன்னு சொல்லிட்டு அவரு கீழ அமுக்கிப் பாப்பாரு, பலம் இருக்கான்னு. சின்னச் சுத்தியலால முழங்கால்ல ஒரு தட்டு. எல்லாம் கைவேலை, கரண்டு வேண்டாம். தெனமும் தொண்ணூறு காலத் தூக்கிப் பாத்த கை அது.

இன்னொரு கூத்தக் கேளு. நம்ம தமிழ்நாட்டுல கவர்மென்ட் டாக்டரு டூட்டி நேரம் போக மிச்ச நேரத்துல சொந்தமா கிளினிக் வச்சுக்கிடலாம். அதனால காலைல உன் காலத் தூக்கிப் பாத்தவரே சாயந்தரம் பஜார்ல உக்காந்திருப்பாரு. சாயந்தரம் உன்னப் பேரு சொல்லிக் கூப்பிடுவாரு, பிள்ளைக என்ன படிக்குதுன்னு கேப்பாரு. முன்னூறு ரூபா, ஐநூறு ரூபா அந்தக் கேள்விக்கு. நான் குத்தம் சொல்லல. ஒரு மனுசன் நின்னு நிதானமாக் கேட்டாலே சிலருக்கு வலி பாதி எறங்கிரும். ஆனா ஆளு ஒன்னுதான், வைத்தியம் ஒன்னுதான், நாற்காலிதான் வேறன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ.

மாத்திரையும் அப்பிடித்தான். தர்மாஸ்பத்திரி மாத்திரை கேக்காதுன்னு உங்க வீட்ல எல்லாருக்கும் ஒரு நெனப்பு. 1994லயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒன்ன ஆரம்பிச்சு, மாநிலம் பூராவுக்கும் மருந்த மொத்தமா வாங்கி, சோதிச்சுப் பாத்து அனுப்புதாக. அதப் பாத்துத்தான் கேரளாக்காரன், ராஜஸ்தான்காரன் எல்லாம் அவுக ஊர்ல ஆரம்பிச்சான். நீ என்ன செய்வ? அட்டைல 'விற்பனைக்கு அல்ல'ன்னு போட்டிருக்கிற மாத்திரைய வாங்கி பீரோவுக்குள்ள போட்டுட்டு, அதே மருந்த மெடிக்கல்ல பளபளப்பா ஒரு அட்டைல துட்டுக் குடுத்து வாங்கித் தின்ப. துட்டுக் குடுத்தாத்தான் உங்களுக்கெல்லாம் தொண்டைக்குள்ள எறங்குது.

சரி, பிரைவேட்டுக்கே போறன்னு வையி. வாசல்ல கண்ணாடிக் கதவு, தானாத் தொறக்கும். உள்ள ஏசி. ஒரு பிள்ளை சிரிச்சுக்கிட்டு உன்ன 'சார்'னு கூப்பிடும். உங்கய்யா காலத்துல இருந்து நம்ம வம்சத்துல ஒருத்தனையும் யாரும் சார்னு கூப்பிட்டதில்ல, அதுலயே நீ கவுந்துருவ. அடுத்தது ஸ்கேனு. எம்ஆர்ஐ. ஆறேழாயிரம் ரூபா. தர்மாஸ்பத்திரிலயும் இந்த மிசினு இருக்கு, கட்டணம் ரெம்பக் கம்மி. ஆனா அங்க உனக்கு அவசியமான்னு யோசிச்சுத்தான் எழுதுவாக, எழுதினாலும் தேதி குடுப்பாக. இங்க உடனே. நீயே கேட்டு வாங்குவ, எனக்குத் தெரியும்.

குழாய்க்குள்ள படுக்க வச்சு அரை மணி நேரம் டமடமன்னு கொட்டடிச்சு ஒரு பெரிய கவர்ல படத்தப் போட்டுத் தருவாக. கூட ஒரு தாளு. எல் ஃபோர் எல் ஃபைவ்ல டிஸ்க் பல்ஜ்னு அதுல எழுதியிருக்கும். கட்டாயம் எழுதியிருக்கும் மாப்ளே, பாக்காமலே சொல்லுதேன். ஏன்னா 2015ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, என் பேத்தி மூணு தடவ வாசிச்சுக் காட்டுனா. இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேனச் சேத்துப் பாத்திருக்காக. இருவது வயசுக்காரன்ல நூத்துக்கு 37 பேருக்கு டிஸ்க் தேஞ்சிருக்கு. ஐம்பது வயசுல 80 பேருக்கு. எம்பது வயசுல 96 பேருக்கு. அம்புட்டுப் பேரும் வலி இல்லாம நல்லா நடமாடிக்கிட்டு இருக்கிறவுக. நம்ம கரிசக்காட்டுல சித்திரைல வெடிப்பு விழுகிறது மாதிரிதான் அது; நெலம் பாழாப் போச்சுன்னு எவனும் அதப் பாத்து ஒப்பாரி வைக்கிறதில்ல. ஆனா நீ அந்தத் தாளப் படம் பிடிச்சு உன் மாமனாருக்கு வாட்ஸப்ல அனுப்புவ. அன்னையில இருந்து உன்னத் தண்ணிக்கொடம் தூக்கச் சொல்ல ஒருத்தருக்கும் மனசு வராது. ஆறாயிரத்துக்கு அது லாபந்தான்.

அடுத்தது அட்மிசன். இதுலதான் பெரிய வேடிக்கை இருக்கு. உங்க ஆபீஸ்ல போட்டுக் குடுத்திருக்காகளே ஒரு இன்சூரன்சு, அதோட கண்டிசன வாசிச்சியா? ஆஸ்பத்திரில இருபத்துநாலு மணி நேரம் படுத்தாத்தான் துட்டு. நடந்து வந்து பாத்துட்டு நடந்து போறவனுக்கு ஒத்தப் பைசா கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே, 2009ல கலைஞர் பேர்ல ஆரம்பிச்சு, 2012ல பேரு மாறி, இப்ப ஒரு குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வந்திருக்கே, வருச வருமானம் 1,20,000க்குள்ள இருக்கிறவுகளுக்கு, அதுவும் பட்டியல்ல உள்ள ஆபரேசனுக்கும் படுக்கை வைத்தியத்துக்குந்தான். சும்மா ஓபி பாக்கிறதுக்கு அட்டைய நீட்ட முடியாது.

ஆக, படுத்தாத் துட்டு. இப்ப வைத்தியம் என்ன சொல்லுதுன்னு கேளு. 1995ல ஹெல்சிங்கின்னு ஒரு ஊர்ல, முனிசிபாலிட்டில வேலை பாக்கிறவுக, திடீர்னு இடுப்புப் பிடிச்சவுக 186 பேர மூணாப் பிரிச்சாக. ஒரு கூட்டத்த ரெண்டு நாளு படுக்கச் சொன்னாக. ஒரு கூட்டத்துக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுத்தாக. மூணாவது கூட்டத்த, வலி தாங்குற அளவுக்கு வழக்கமான சோலியப் பாருங்கன்னு அனுப்பிட்டாக. சும்மா சோலியப் பாத்தவுகதான் சீக்கிரம் தேறுனாக; படுத்தவுகதான் ரெம்ப மெதுவு. இடுப்பு வலிக்காரன் படுக்கவே கூடாதுங்குது புஸ்தகம். படுத்தாத்தான் தருவேங்குது இன்சூரன்சு. நடுவுல ஆஸ்பத்திரி கட்டில விரிச்சு வச்சுக்கிட்டு நிக்கி. நீ எது மேல விழுவன்னு நான் சொல்லணுமா?

ஊசிக்கதைய விட்டுட்டேன் பாரு. இதுல டாக்டரச் சொல்லிக் குத்தமில்ல. ஊசி போடாத டாக்டர நம்ம ஆளுக டாக்டராவே மதிக்கிறதில்ல. வாசல்லயே 'ஒரு ஊசி போட்டு விடுங்க சார்'னுதான் நுழையுதான். வலிக்குப் போடுற டைக்ளோபினாக் ஊசி இருக்கே, அந்தக் காலத்துல மாட்டுக்கும் அதையேதான் போட்டாக. அந்த மாடு செத்து, அதத் தின்ன பாறுக் கழுகுகளுக்குக் கிட்னி போயி, இந்தியா பூராவும் கழுகுக் கூட்டமே காலி. 2006ல மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு தடை வந்துச்சு. உடனே மனுச ஊசியப் பெரிய குப்பில வாங்கி மாட்டுக்குப் போட்டாக. 2015ல குப்பியவே 3 மில்லிக்கு மேல விக்கக் கூடாதுன்னுட்டாக. மனுசனுக்கு அந்த மருந்து ஆகும், டாக்டரு சொன்ன அளவுக்கு, சொன்ன நாளுக்கு. நீ மெடிக்கல்ல போயி நீயாக் கேட்டு வாங்கி மாசக்கணக்கா முழுங்குனா வயித்துல புண்ணு, கிட்னிக்கும் கேடு. உனக்கு சுகர் வேற இருக்கு. கழுகுக்காவது என்னத்தத் திங்கோம்னு தெரியாது.

பெல்ட்டு கட்டலாமான்னு கேக்காத. மிசின்ல கட்டி இடுப்ப இழுத்து விடுதாகளே, அதையும் கேக்காத. 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்குன்னு வழிமுறை எழுதி வெளியிட்டுச்சு. அதுல பெல்ட்டு, இழுப்பு ரெண்டையும் வழக்கமாச் செய்யாதீகன்னு இருக்கு. தர்மாஸ்பத்திரிலயும் அந்த இழுப்பு மிசினு ஓடுது, பிரைவேட்லயும் ஓடுது. அங்க காத்தாடிக்குக் கீழ, இங்க ஏசிக்குக் கீழ. இந்த ஒரு விசயத்துல ரெண்டுபேரும் அண்ணன் தம்பி.

தர்மாஸ்பத்திரிய ரெம்பத் தூக்கி வச்சுப் பேசுதேன்னு நெனைக்காத. அது இலவசம்னு சொல்லுதவன் கூலிக்குப் போகாதவன். உன் ஆபீஸ்ல குச்சி அடுக்குற பொம்பளைகளக் கேட்டுப் பாரு. நாளெல்லாம் குனிஞ்சு உக்காந்து செய்யுத வேலை. உன்னவிட அவுகளுக்குத்தான் வலி அதிகம். ஆனா ஓபி காலைலதான். காலைல ஓபிக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு. பிசியோதெரபிக்கு வாரம் மூணு நாள் வான்னு எழுதினா, வாரத்துல மூணு நாள் கூலி போச்சு. அதனால அவுக சாயந்தரம் கிளினிக்ல இருநூறு ரூபாக்கு ஒரு ஊசியப் போட்டுக்கிட்டு மறுநாள் காலைல குச்சி அடுக்க வந்துருதாக. பிரைவேட்டுக்கு வசதிக்காரன் போறான், தர்மாஸ்பத்திரிக்கு ஏழை போறான்னு பேசுதது எல்லாம் பாதிப் பேச்சு. பொழுது இருக்கிறவன் தர்மாஸ்பத்திரிக்குப் போறான், பொழுது இல்லாத ஏழை பிரைவேட்டுக்குப் போறான். நீ மாசச் சம்பளக்காரன், லீவு போட்டாலும் சம்பளம் வரும். உனக்குத்தான் அந்த வரிசை தோது.

இந்த 'மக்களைத் தேடி மருத்துவம்'னு 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்சாகளே, அதுல பிசியோதெரபிக்காரவுக வீட்டுக்கே வந்து பாக்க ஏற்பாடு இருக்கு. படுக்கையில விழுந்தவுக, எந்திரிச்சு வர முடியாதவுகளுக்கு. உன்னயச் சொல்லல, நீ பைக்கு எடுத்துக்கிட்டு ராத்திரி புரோட்டாக்கடைக்குப் போறத நானே பாத்தேன்.

சரி, இனி கொஞ்சம் சிரிக்காமக் கேளு. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சாதா வலிக்கு. சில வலிக்கு இந்தக் கணக்கு ஆகாது. ஒன்னுக்கு வரமாட்டேங்குது, இல்ல அறியாமப் போயிருது; மலம் அடக்க முடியல; சைக்கிள் சீட்டுல படுற எடம் மரத்துப்போச்சு; ரெண்டு காலும் தளருது. இதுல எது வந்தாலும் தர்மாஸ்பத்திரியா பிரைவேட்டான்னு பட்டிமன்றம் வைக்காத. அடிமுதுகுல நரம்புக் கொத்து நசுங்குது, அத உடனே பிரிச்சு விடலைன்னா அப்புறம் ஆயுசுக்கும் மூத்திர டியூப்புதான். 108க்குப் போனப் போட்டு, ஆபரேசன் செய்ய ஆளு இருக்கிற எடத்துக்குப் போ. நம்ம பக்கத்துக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, 1965ல இருந்து மெடிக்கல் காலேஜோட நிக்கி, நடுச்சாமத்துலயும் தொறந்திருக்கும். காலைல டீயக் குடிச்சிட்டுப் போவோம்னு இருக்காத.

நடக்கும்போது பாதம் தொங்கி செருப்பு நழுவுது, காச்சலும் வலியும் சேந்து இருக்கு, சும்மா இருக்கையிலயே எடை குறையுது, ராத்திரி படுத்தாலும் வலி விடமாட்டேங்குது, முன்னால புத்துநோய் வந்தவுக, மேல இருந்து விழுந்தவுக, இவுகளும் தள்ளிப் போடக் கூடாது. நம்ம நாட்டுல முதுகெலும்புக்கும் டிபி வரும், அத மறந்துறாத. அதுக்கு ஊர் ஊரா எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுத் திரிஞ்சு கூன் விழுந்தவுகள நான் பாத்திருக்கேன். டிபின்னு தெரிஞ்சா நேரா கவர்மென்ட்டுதான். மருந்து சும்மா, சத்தாச் சாப்பிட மாசம் 1,000 ரூபாயும் பேங்குல போடுதாக. உனக்கே துட்டுக் குடுத்து வைத்தியம் பாக்கிற ஆஸ்பத்திரி வேற எங்கயாவது உண்டா?

நடுவுல ஒரு வலி இருக்கு. இடுப்புல பிடிச்சு தொடை வழியா பாதம் வரைக்கும் கரண்டு இழுக்கும், சயாட்டிகான்னு சொல்லுவாக. அதுக்குத்தான் ஆபரேசன்னு பிரைவேட்ல சீக்கிரம் வாயத் தொறப்பாக. நெதர்லாந்துக்காரன் 2007ல 283 பேர வச்சுப் பாத்து எழுதியிருக்கான். எல்லாரும் ஒன்றரை மாசம், மூணு மாசம் அந்த வலியோட இருந்தவுக. பாதிப் பேருக்கு உடனே ஆபரேசன், பாதிப் பேருக்குப் பொறுத்துப் பாப்போம்னு. வெட்டிக்கிட்டவுகளுக்கு சீக்கிரம் வலி போச்சு. ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா ரெண்டு கூட்டமும் ஒன்னுபோலத்தான் தேறி நிக்கி. பொறுத்தவுகள்ல பத்துக்கு நாலு பேரு நடுவுல தாங்க முடியாம ஆபரேசன் செஞ்சுக்கிட்டாக, அதையும் சொல்லிருதேன். ஆக, ஆபரேசன்ல நீ வாங்குறது வேகம். வலியில ராத்தூக்கம் இல்லாதவன், ஒரு வாரம் வேலைக்குப் போகலன்னா அடுப்பு எரியாதவன், அவனுக்கு வேகம் பெருசு. அவன் அட்டையக் கொண்டுக்கிட்டு எங்க சீக்கிரம் நடக்குதோ அங்க செய்துக்கிடட்டும். பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரிகள்லயும் அந்த ஆபரேசன அதே அட்டைல செய்யுதாக.

பிரைவேட்ல உன்ன ஆபரேசனுக்கு எழுதுனா ஒரு சோதனை சொல்லித் தாரேன், வெளிய சொல்லாத. டாக்டர்கிட்ட முகத்தக் கொஞ்சம் வாட்டமா வச்சுக்கிட்டு, 'சார், ஆபீஸ் இன்சூரன்சு போன மாசத்தோட முடிஞ்சிட்டு, காப்பீட்டு அட்டைலயும் பேரு இல்ல, கையில ரெண்டாயிரந்தான் இருக்கு'ன்னு சொல்லு. அதுக்கப்புறமும் அவரு, 'இல்லப்பா, உன் காலு பலம் கொறையுது, கவர்மென்ட்டுக்காவது உடனே போ, நான் லெட்டர் தாரேன்'னாருன்னா அவரு சொன்னது நெசம், கும்பிட்டுட்டுக் கெளம்பு. 'அப்படியா, அப்ப மாத்திரை எழுதுதேன், நடந்து பாரு'ன்னாருன்னா, அந்த நிமிசமே உனக்கு முக்காவாசி குணமாயிட்டுன்னு வையி. நல்ல டாக்டரு ரெண்டு பக்கமும் உண்டு. தேடிப் பிடிக்கத்தான் இந்தப் பொய்.

மத்தபடி நட. 2024ல ஆஸ்திரேலியாக்காரன் இடுப்பு வலி வந்து தேறுன 701 பேர வச்சுப் பாத்தான். பாதிப் பேர பிசியோதெரபிக்காரவுக சொல்லிக் குடுத்து, கொஞ்சங்கொஞ்சமா நடையக் கூட்ட வச்சாக. மிச்சப் பேர ஒன்னும் சொல்லாம விட்டுட்டாக. விட்டவுகளுக்கு மறுபடி வலி வர 112 நாளு. நடந்தவுகளுக்கு 208 நாளு. நடைக்கு ஓபி சீட்டும் வேண்டாம், கண்ணாடிக் கதவும் வேண்டாம். ஆனா உனக்கு அதுல நம்பிக்கை வராது, துட்டு கேக்கல பாரு.

அதனால நாளைக்குக் காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு நீ தர்மாஸ்பத்திரிக்கு வா. நானும் வாரேன். என் முழங்காலுக்கு மாத்திரை முடிஞ்சு பத்து நாளாச்சு. எலும்பு டாக்டரு ஓபியும் நாளைக்குத்தான். உன் சீட்டோட சேத்து என் சீட்டையும் வாங்கிரு. எக்ஸ்ரேக்கு என் பேரையும் குடுத்து வச்சுரு, மருந்து சன்னல்லயும் ரெண்டு பேருக்கும் நீயே நின்னு வாங்கிரு. நான் அந்த வேப்பமரத்துக்குக் கீழ பெஞ்சுல உக்காந்திருக்கேன். என்ன முழிக்க? நிக்கிறதும் நடக்கிறதும் உன் இடுப்புக்குத்தான் நல்லதுன்னு இம்புட்டு நேரமா யாருகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்?